படகு வாடகை: எத்தனை நாள் எடுப்பது? ஸ்பிளிட்டில் பாய்மரப் படகு எடுப்போருக்கு முழுமையான வழிகாட்டி

குரோஷியாவின் ஸ்பிளிட் நகரிலிருந்து படகு எடுத்துத் தீவுகளைச் சுற்ற வரும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தெந்தத் தீவுக்குப் போகலாம்?" என்பது. அடுத்தது, "எந்தப் படகு நல்லது?" எத்தனை நாள் என்ற கேள்வி வருவதே அரிது. விமான டிக்கெட் எத்தனை நாளுக்குக் கிடைத்ததோ அதுவே படகின் நாள் கணக்காகிவிடுகிறது. குடும்பங்களோடும் நண்பர்களோடும் பல கோடைகள் இந்தக் கடலில் போயிருக்கிறேன். பயணம் கசந்து திரும்பியவர்களில் பெரும்பாலோர் படகைத் தவறாகத் தேர்ந்தவர்கள் அல்லர். நாளைத் தவறாக எண்ணியவர்கள்.

இங்கே நான் சொல்வது 40 முதல் 50 அடி நீளமுள்ள பாய்மரப் படகை, அதை ஓட்டும் ஒரு ஸ்கிப்பரோடு தனியாக வாடகைக்கு எடுப்பவர்களுக்கானது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். விமான டிக்கெட் கடைசியில்தான் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு.

1. கையில் வைத்திருக்க வேண்டியவை

முதலில் ஒரு பட்டியல்: வருகிறவர்களின் பெயர், வயது, யார் நீந்துவார், யாருக்குப் பயணத்தில் குமட்டும். கடைசிக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. "கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ்ஸில் எப்படி இருந்தீர்கள்?" என்று கேளுங்கள், உண்மை வந்துவிடும்.

அடுத்து, எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் விடுமுறை நாள்கள். ஒருவருக்குப் பத்து நாள், இன்னொருவருக்கு ஆறு நாள் என்றால் ஆறுதான் உங்கள் எண். பாதியில் ஒருவரைத் தீவில் இறக்கிவிட்டு ஃபெர்ரியில் அனுப்பலாம் என்று திட்டமிடாதீர்கள். அந்த ஃபெர்ரியைப் பிடிப்பதற்காகவே படகின் வழி முழுவதும் வளைந்துவிடும்.

மூன்றாவது, முகவரிடமிருந்து ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவம். விளம்பரத் தாளில் நாள்களின் எண்ணிக்கை மட்டும் இருக்கும். ஒப்பந்தத்தில்தான் மணி இருக்கிறது. நான்காவது, ஸ்பிளிட் முதல் தெற்கேயுள்ள துப்ரோவ்னிக் நகர் வரை காட்டும் கடல் வரைபடம், ஒரு துண்டு நூல்.

ஆள்களை எண்ணும்போது ஸ்கிப்பரையும் சேர்த்து எண்ணுங்கள். அவருக்கும் படுக்கை வேண்டும், சாப்பாடும் உங்கள் பொறுப்பு. எட்டுப் பேருக்கான படகில் நீங்கள் ஏழு பேர்தான்.

2. ஒப்பந்தத்தின் வாரத்தைப் பிரித்து எண்ணுங்கள்

இந்தக் கரையில் வாரம் என்றால் சனி முதல் சனி வரை. சனிக்கிழமை மாலை நான்கு அல்லது ஐந்து மணிக்குப் படகு உங்கள் கைக்கு வரும். அடுத்த வெள்ளி மாலை ஐந்து, ஆறு மணிக்குள் புறப்பட்ட அதே மரீனாவுக்கு, அதாவது படகுகளைக் கட்டிவைக்கும் துறைக்கு, திரும்பியிருக்க வேண்டும். வெள்ளி இரவு படகிலேயே தூங்கலாம்; சனி காலை எட்டு, ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அடுத்த குழு வருமுன் படகைக் கழுவிச் சரிபார்க்க நிறுவனத்துக்கு அந்தப் பகல் தேவை.

இப்போது எண்ணிப் பாருங்கள். சனி மாலை படகைச் சோதித்து, உயிர்காப்பு அங்கி அணியப் பழகி, மளிகை வாங்கி ஏற்றுவதற்குள் இருட்டிவிடும். அன்றைக்குப் புறப்பட முடியாது. ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து முழு நாள்கள். வெள்ளி பாதி நாள். ஆக, ஏழு இரவுக்குப் பணம் கட்டினால் கடலில் கிடைப்பது ஐந்தரை நாள்.

வெள்ளியை ஏன் பாதியாக எண்ணுகிறேன் என்றால், டீசல் தொட்டியை நிரப்பித்தான் படகைத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கரையிலுள்ள வாடகைப் படகுகள் எல்லாமே வெள்ளி பிற்பகலில் அதே சில எரிபொருள் துறைகளுக்கு வருகின்றன. என் முதல் பயணத்தில் நான்கு மணிக்கு வந்து வரிசையில் நின்றோம். முன்னால் பதினொரு படகுகள். நங்கூரம் போட முடியாது, கட்ட இடம் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு இரண்டு மணி நேரம் வட்டமடித்தோம். பிள்ளைகள் வெயிலில் துவண்டு மேசையடியில் தூங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து வெள்ளி மதியம் ஒரு மணிக்குள் எரிபொருள் துறையில் இருப்பதை விதியாக வைத்திருக்கிறேன். அப்படியென்றால் வியாழன் இரவு தங்குமிடம் மரீனாவிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும்.

3. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

தீவுகளை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள். சிறு பிள்ளைகளோ பெரியவர்களோ இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரப் பயணம் போதும். எல்லோரும் இளையவர்கள், கடல் பழகியவர்கள் என்றால் ஐந்து. அதற்கு மேல் போனால் நீந்தவும் ஊரைப் பார்க்கவும் சமைக்கவும் நேரமிருக்காது. விடுமுறை போய் வெறும் போக்குவரத்து மிஞ்சும்.

பகல் நேரத்தையும் பாருங்கள். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு எட்டரை தாண்டும். செப்டம்பர் முடிவில் ஏழு மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஆனால் படகை நிறுத்த இடம் பிடிப்பது சூரியனை நம்பி நடப்பதில்லை. ஜூலை, ஆகஸ்ட்டில் நல்ல துறைகளும் படகு கட்டும் மிதவைகளும் பிற்பகல் மூன்று மணிக்குள் நிரம்பிவிடுகின்றன. காலையில் புறப்பட்டு இரண்டு மணிக்குள் கட்டிவிடுவது என்று கணக்குப் போட்டால், நடுவில் நீந்த ஒரு குடா, மதிய உணவு, மூன்று மணி நேரப் பயணம் சரியாக உள்ளே அடங்கும்.

இனி குமட்டல். முதல் இரண்டு நாள் உடம்பு கடலோடு சண்டை போடும். பலருக்கு மூன்றாவது நாள்தான் இணங்கும். ஒரு மே மாதத்தில் மூன்று நாள் பயணமாக வந்த குழுவில் அக்காள் தங்கை இருவர் இருந்தார்கள். முதல் நாள் முழுக்க இருவரும் பின்தளத்தில் ஆளுக்கொரு வாளியோடு அமர்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள் ரொட்டித் துண்டு மட்டும் இறங்கியது. மூன்றாம் நாள் காலை அக்காள் தானே இஞ்சி தட்டித் தேநீர் போட்டு, டம்ளரோடு முன்தளத்துக்குப் போய்க் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. "இன்றைக்கு எந்தத் தீவு?" என்று கேட்டார். அன்று திரும்பும் நாள். கடல் புதிதான குழுவுக்கு மூன்று நாள் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அந்தக் காலைக்குப் பிறகுதான்.

4. நூலால் அளந்து வழியைப் போடுங்கள்

கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். வரைபடத்தின் இடது, வலது ஓரங்களில் அட்சரேகை அளவு இருக்கும். அதில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். நூலை வழியின் வளைவுகளோடு வைத்து, பிறகு நேராக்கி அந்தப் பக்க ஓரத்தில் வைத்து அளக்க வேண்டும். புதியவர்கள் கீழ் ஓரத்தில் வைத்து அளந்துவிடுகிறார்கள். அங்கே இருப்பது தீர்க்கரேகை. இந்த அட்சரேகையில் அதன் ஒரு நிமிடம் முக்கால் மைலுக்கும் குறைவு, எனவே தொலைவு தவறாக வரும்.

வேகம் மணிக்கு 5 கடல் மைல், அதாவது 5 நாட். படகு அதைவிட வேகமாகப் போகலாம், காற்று எதிரே வந்தால் மெதுவாகவும் போகும். ஐந்து என்று வைத்தால் ஏமாற்றம் இல்லை.

அளக்கும்போது திரும்பும் வழியிலிருந்து தொடங்குங்கள். வெள்ளி மதியம் எங்கே இருக்க வேண்டும் என்பது உறுதி; மற்றவை மாறலாம். ஸ்பிளிட்டுக்கு அருகிலுள்ள காஷ்டெலா மரீனாவிலிருந்து புறப்படும் ஒரு வாரத்துக்கு நான் போட்டுத்தரும் வழி இதுதான், எல்லாமே சுமார் கணக்கு. வெள்ளி: ஷோல்டா தீவின் மஸ்லினிட்சாவிலிருந்து மரீனா, 14 மைல். வியாழன்: விஸ் தீவின் விஸ் துறையிலிருந்து மஸ்லினிட்சா, 21 மைல், வாரத்தின் நீளமான நாள் இதுவே. செவ்வாய்: ஹ்வார் நகருக்கு எதிரேயுள்ள பல்மிஜானாவிலிருந்து விஸ், 12 மைல். திங்கள்: ப்ராச் தீவின் மில்னாவிலிருந்து பல்மிஜானா, 13 மைல். ஞாயிறு: மரீனாவிலிருந்து மில்னா, 14 மைல்.

மொத்தம் 74 மைல். ஐந்தால் வகுத்தால் பதினைந்து மணி நேரம். ஐந்தரை நாளில் நன்றாக அடங்குகிறது. புதன்கிழமையைக் காணோமே என்று கேட்பீர்கள். அதை வேண்டுமென்றே விஸ்ஸில் நிறுத்தியிருக்கிறேன். அடுத்த படியில் காரணம் வரும்.

இப்போது நான் அடிக்கடி பார்க்கும் திட்டத்தை இதோடு ஒப்பிடுங்கள்: ஒரே வாரத்தில் ஹ்வார், விஸ், கோர்ச்சுலா, ம்ல்யெட், துப்ரோவ்னிக் பார்த்துவிட்டு ஸ்பிளிட் திரும்புவது. ஹ்வாரிலிருந்து கோர்ச்சுலாவுக்கு மட்டுமே சுமார் 35 மைல், ஏழு மணி நேரம். ஸ்பிளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் சுமார் 110 மைல். போய்வர 44 மணி நேரம் ஆகும், ஐந்தரை நாளில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். துப்ரோவ்னிக் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டே வழி உண்டு. ஒன்று, இரண்டு வாரம் எடுப்பது. மற்றொன்று, ஒருவழி வாடகை: ஸ்பிளிட்டில் ஏறித் துப்ரோவ்னிக்கில் இறங்குவது. ஒருவழிக்குத் தனிக் கட்டணம் உண்டு. எல்லா நிறுவனங்களும் தருவதில்லை, எல்லா வாரங்களிலும் கிடைப்பதுமில்லை. ஆனாலும் ஒரே வாரத்தில் ஓடி ஓடிப் போய்வருவதைவிட அது மேல்.

5. காற்றுக்கு ஒரு நாள்

கோடையில் இங்கே வீசுவது பெரும்பாலும் மாயெஸ்ட்ரால். வடமேற்கிலிருந்து முற்பகலில் எழும்பி, பிற்பகலில் வலுத்து, மாலையில் அடங்கும் கடற்காற்று, பாய்க்கு நண்பன். மற்ற இரண்டும் அப்படியல்ல. பூரா என்பது வடகிழக்கிலிருந்து மலையிறங்கி வரும் குளிர்ந்த, முரட்டுக் காற்று. நம் மீனவர்கள் வாடை என்று சொல்லும் திசைதான், ஆனால் திடீர் வீச்சு பல மடங்கு. யூகோ தென்கிழக்கிலிருந்து வருவது. மெல்ல வலுத்து, பெரிய அலையோடும் மழையோடும் இரண்டு மூன்று நாள் நிற்கக்கூடியது.

இவற்றில் ஒன்று வாரத்துக்குள் வந்தால் ஒரு நாள் துறையில் கட்டிக் கிடக்க வேண்டியதுதான். அதற்கான நாள் திட்டத்தில் ஏற்கெனவே இருந்தால் அது ஓய்வு. இல்லையென்றால் ஸ்கிப்பரைப் புறப்படச் சொல்லி வற்புறுத்தும் நிலைமை வரும். "பணம் கட்டியிருக்கிறோமே, போகலாமே" என்று ஒருவர் சொல்லத் தொடங்கியதும் படகில் ஆபத்து ஏறிவிடுகிறது. ஸ்கிப்பர் வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தச் சொல்லை மறுக்கும் தேவையே வராதபடி ஒரு நாளை எடுத்துவைப்பது உங்கள் வேலை.

காற்றுக்கான நாளை எங்கே வைப்பது? வாரத்தின் நடுவில், செய்வதற்கு ஏதாவது உள்ள ஊரில். அதனால்தான் விஸ்ஸில் இரண்டு இரவு. காற்று நன்றாக இருந்தால் புதன்கிழமை பஸ்ஸில் தீவைக் கடந்து கொமிஜாவுக்குப் போய், அங்கிருந்து சிறு படகில் பிஷேவோ தீவின் நீலக் குகையைப் பார்க்கலாம். முற்பகல் கடைசியில்தான் உள்ளே வெளிச்சம் நன்றாக இருக்கும். பெரிய படகுகள் குகைக்குள் போக முடியாது, ஆகவே சொந்தப் படகை அங்கே கொண்டுபோனாலும் சிறு படகுக்கு மாறித்தான் ஆக வேண்டும். கொமிஜா துறை மேற்கே திறந்து கிடப்பது; அந்தப் பக்கக் காற்றில் இரவு நிம்மதியாகத் தூங்க முடியாது. காற்று மோசமானால் புதனன்று குகை இல்லை, ஆனால் விஸ் ஊரும் நல்ல சாப்பாடும் இருக்கின்றன. யூகோ இன்னும் ஒரு நாள் நின்றால் மஸ்லினிட்சாவை விட்டுவிட்டு வெள்ளி அதிகாலையில் நேராகத் திரும்பலாம்.

கணக்கு எளிது: ஐந்து கடல் நாளுக்கு ஒரு நாள் காற்றுக்கு. ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்றால் நான்குக்கு ஒன்று, ஏனென்றால் பூராவும் யூகோவும் அப்போது அடிக்கடி வரும்.

6. தண்ணீரும் மின்சாரமும் இரவுகளைத் தீர்மானிக்கும்

இந்த அளவுப் படகில் நன்னீர்த் தொட்டி பெரும்பாலும் 400 முதல் 600 லிட்டர் வரை இருக்கும். எட்டுப் பேர் குளித்து, பாத்திரம் கழுவினால் இரண்டு, மூன்று நாளில் தீர்ந்துவிடும். நம் சமையலுக்கு இன்னும் வேகமாகத் தீரும்: அரிசி களைவது, பருப்பு அலசுவது, சாப்பிட்ட கை கழுவுவது, எண்ணெய்ச் சட்டி தேய்ப்பது. எனவே மூன்றாவது இரவுக்குள் தண்ணீரும் மின்சாரமும் தரும் துறை ஒன்று வழியில் இருக்க வேண்டும்.

கரை மின்சாரம் இல்லாத இடத்தில் மிக்ஸியும் மின் அடுப்பும் ஓடும் என்று எண்ணாதீர்கள். படகின் மின்கலம் விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் கருவிகளுக்கும் மட்டுமே. சமையல் எரிவாயு அடுப்பில். பிரஷர் குக்கர் ஒன்றைக் கொண்டுவந்தால் எரிவாயுவும் தண்ணீரும் மிச்சம்.

நாள் கணக்குக்கு இதில் என்ன வேலை? மூன்று நாள் பயணத்தில் தண்ணீர்க் கவலை இல்லை. ஏழு நாளில் இரண்டு மரீனா இரவு, பதினான்கில் நான்கைந்து. கோடை உச்சத்தில் புகழ்பெற்ற மரீனாக்களில் இந்த அளவுப் படகுக்கு ஓர் இரவு 100 யூரோவைத் தாண்டும். அதை வாடகையோடு சேர்த்துத்தான் எத்தனை நாள் கட்டுப்படியாகும் என்று பார்க்க வேண்டும்.

7. பணத்தை இரண்டு பத்தியாக எழுதுங்கள்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பத்தியில், நாள் கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவு: கடைசித் துப்புரவு, படுக்கை விரிப்பு, துண்டு, விமானம், விசா, விமான நிலையத்திலிருந்து மரீனாவுக்கு வண்டி. வலது பத்தியில், நாளோடு கூடும் செலவு: வாடகை, ஸ்கிப்பர் கூலி, துறைக் கட்டணம், டீசல், சாப்பாடு, சுற்றுலா வரி. ஸ்கிப்பருக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

குறுகிய பயணம் மலிவு என்ற எண்ணம் இங்கேதான் உடையும். மாறாத செலவை மூன்றால் வகுத்துப் பாருங்கள், ஏழால் வகுத்துப் பாருங்கள். மேலும் மூன்று நாள் வாடகை பொதுவாக வார வாடகையில் ஏழில் மூன்று பங்கு அல்ல, அதைவிடக் கூடுதல். இரண்டு வாரத்துக்கோ தள்ளுபடி கேட்டால் பல இடங்களில் கிடைக்கும், கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பிணைத்தொகையை இந்தத் தாளில் சேர்க்காதீர்கள், அது திரும்பி வரும் பணம். ஆனால் படகு கைக்கு வரும் அன்றைக்கு அட்டையில் அவ்வளவு வரம்பு இருக்கிறதா என்று வங்கியிடம் முன்பே கேளுங்கள்.

8. எண்ணை முடிவு செய்யும் இடம்

வழியின் மொத்த மைலை ஐந்தால் வகுத்தால் கடல் மணி. அதை உங்கள் குழு தாங்கும் மணியால் வகுத்தால் கடல் நாள். அதோடு காற்று நாளைக் கூட்டுங்கள். ஏறும் மாலைக்கும் திரும்பும் அரை நாளுக்கும் சேர்த்து இன்னும் ஒன்றரை. வரும் எண்ணைவிடக் குறைந்த நாள் கிடைத்தால் தீவைக் குறையுங்கள், காற்று நாளைக் குறைக்காதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இதற்கு நேர்மாறானது.

நீலக் குகையும் ஹ்வாரும் பார்த்தால் போதும் என்பவர்களுக்குப் படகு வாடகையே தேவையில்லை. ஸ்பிளிட்டிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் வேகப் படகுகள் இருக்கின்றன. மூன்று நான்கு நாள் வாடகை, ஏற்கெனவே கடல் பழகியவர்களுக்கும், ப்ராச், ஷோல்டா, ஹ்வார் வட்டத்தோடு நிற்பவர்களுக்கும் சரி. ஜூலை, ஆகஸ்ட்டில் அப்படிக் கிடைப்பது மிக அரிது. மே அல்லது செப்டம்பர் கடைசியில் தேடுங்கள்.

முதல் முறை வருகிற குடும்பத்துக்கு ஏழு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உடம்பு பழகியபின் மூன்று நல்ல நாளாவது மிச்சமிருப்பது இதில்தான்.

பத்து நாள் கேட்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் சனி முதல் சனி என்ற கட்டுக்குள் அது பொருந்தாது, நிறுவனத்துக்கு அடுத்த வாரம் உடைந்துபோகும். பருவத்தின் ஓரங்களில் மட்டும் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஏழு நாள் படகு, மூன்று நாள் கரை. பதினான்கு என்பது துப்ரோவ்னிக் வரை போய்வருகிறவர்களுக்கு. ஒரே அறையில் பதினான்கு நாள் எல்லோராலும் ஒத்துப்போக முடியுமா என்று வீட்டில் மனம்விட்டுப் பேசிய பிறகு எடுங்கள்.

9. டிக்கெட்டும் விசாவும்

இப்போதுதான் விமானம். சென்னையிலிருந்து ஸ்பிளிட்டுக்கு நேர் விமானம் இல்லை. ஒரு இடத்திலாவது மாற வேண்டும். மாறுகிற இடத்தில் ஒரு விமானம் தவறினால் சனி மாலை போய்விடும், ஞாயிறும் போகலாம். அதனால் வெள்ளியே வந்துவிடுங்கள். ஸ்பிளிட் விமான நிலையம் நகரைவிட காஷ்டெலா, த்ரோகிர் மரீனாக்களுக்குத்தான் பக்கம். அந்தப் பக்கமே ஓர் இரவு தங்கினால், சனிக்கிழமை பகலில் மளிகையையும் முடித்துவிடலாம். திரும்பும் விமானம் சனி பிற்பகலுக்கு மேல் இருக்கட்டும்.

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து யூரோதான் நாணயம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாள், ஆனால் கோடையில் நேர ஒதுக்கீடு கிடைக்கவே வாரங்கள் ஆகும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விண்ணப்பத்தில் படகின் நாள்களை மட்டும் எழுதாமல், கரையில் தங்கும் இரவுகளையும் சேர்த்து, அறை முன்பதிவோடு காட்டுங்கள். படகில் ஏறுவோர் பட்டியலில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதும் நம் வழக்கம் இங்கே குழப்பம் தரும்.

வாடகையில் பொதுவாகப் பாதியை முன்பதிவின்போதும், மீதியைப் பயணத்துக்கு நான்கைந்து வாரம் முன்பும் கட்ட வேண்டியிருக்கும். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை முதல் தவணைக்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

10. கையெழுத்துக்கு முன் முகவரிடம் கேட்க

படகு எத்தனை மணிக்குக் கைக்கு வரும், எந்த மரீனாவில்? வெள்ளி திரும்பும் மணி என்ன, தாமதித்தால் என்ன கட்டணம்? முன்கூட்டி ஏறப் பணம் கட்டினால் சனி மதியமே கிடைக்குமா? தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர்? அருகிலுள்ள எரிபொருள் துறை எது, எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

பதில்களை வாய்மொழியாக வாங்காதீர்கள், மின்னஞ்சலில் வாங்குங்கள். மதியமே ஏறலாம் என்று பதில் வந்தால் சனி மாலையே மில்னாவுக்குப் புறப்படலாமா என்று உடனே திட்டத்தை மாற்றத் தோன்றும். மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் அரிசி மூட்டையையும் தண்ணீர்ப் புட்டிகளையும் உள்ளே அடுக்கிவிட்டு, பிள்ளைகளுக்குக் கயிறு கட்டச் சொல்லிக்கொடுங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புறப்பட எல்லாம் தயாராக இருக்கும்.